வலம்புரிச் சங்கும் பிள்ளையின் இடது கையும்



தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர்களை விசாரித்தால் ஒரு சங்கதி சொல்லுவார்கள். எடுக்கிற சங்கெல்லாம் ஒரே பக்கமாகச் சுழித்திருக்குமாம். அதற்கு இடம்புரி என்று பெயர். எத்தனையோ ஆயிரத்துக்கு ஒன்று மாறிச் சுழித்து வருமாம். அதற்கு வலம்புரி என்று பெயர். பிராணி நூல் படித்தவர்கள் இதற்குச் சொல்லுகிற காரணம் மிகவும் சாதாரணமானது. சங்கு என்பது நத்தை இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணி. அது முட்டைக்குள் உருவாகும்போது அதன் உடம்பின் போக்கு வழக்கத்துக்கு மாறாகத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் நம் ஜனங்கள் அந்த மாறிப்போன நத்தைக் கூட்டை லட்சுமி என்கிறார்கள். பட்டு விரித்து வைக்கிறார்கள், பாலில் கழுவுகிறார்கள், கடன் வாங்கியாவது விலை கொடுக்கிறார்கள். போலி வலம்புரி செய்து விற்றுப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் அதற்குள்ள கிராக்கியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே கரையில், இதே ஜனங்கள், ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு ஒரு கை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் என்ன சொல்லுகிறார்கள்? பாவம் என்கிறார்கள். நத்தை மாறிப் பிறந்தால் லட்சுமி, மனிதக் குழந்தை மாறிப் பிறந்தால் சனியன்! இதிலே என்ன நியாயம் இருக்கிறது என்று எந்தப் பக்தராவது நமக்குச் சொல்லுவாரா என்று கேட்கிறோம்.

இதை எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் தோழர் ஒருவர் வீட்டிற்குச் சென்ற மாதம் போயிருந்தோம். அவருக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. நுனியில் பயறுபோல நாலைந்து சிறு முளைகள் மாத்திரம் உண்டு. நாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் குழந்தை தரையில் உட்கார்ந்து, குறுகிய கையால் சிலேட்டை அமுக்கிக்கொண்டு வலது கையால் வெகு மும்முரமாக எதையோ வரைந்துகொண்டிருந்தது. நம்மைக் கண்டதும் தாயார் ஓடி வந்து ஒரு துண்டை எடுத்து அந்தக் கையின் மேல் போர்த்தினார். சிலேட்டு நழுவிவிட்டது. குழந்தை வரைவதை நிறுத்திவிட்டது.

பாட்டியம்மாள் திண்ணையிலிருந்தே நமக்குச் சமாதானம் சொன்னார்: “என்ன செய்ய அண்ணாச்சி, எல்லாம் போன சென்மத்துப் பாவம். கிரகணத்து நேரத்துல மீன் வெட்டாதட்டீன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா இவ?”

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பதில் சொல்லும் சக்தி போய்விட்டது போலும். அந்த அம்மாளுக்குப் பதிலாக நாம் சொல்லலாம் என்றே இதை எழுதுகிறோம்.

பாட்டியம்மாள் சொல்லுகிற கிரகணம் 2020-ஆம் வருஷம் ஜூன் மாதம் 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை நேர்ந்த சூரிய கிரகணம். அன்று மருமகளுக்கு ஐந்தாவது மாதம் என்று அவரே சொல்லுகிறார். சரி. கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கையும் காலும் எப்போது உண்டாகின்றன? நாலாவது வாரத்தில் கைக்கு ஒரு மொட்டுப் போல் புறப்படுகிறது. இரண்டொரு நாள் கழித்துக் காலுக்குப் புறப்படுகிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. அதாவது, தான் கர்ப்பமாக இருக்கிறோமா இல்லையா என்று ஒரு பெண் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் காலத்திலேயே பிள்ளையின் கைகால் விஷயம் பெரும்பாலும் முடிந்துபோய்விட்டது. ஐந்தாவது மாதத்தில் மீன் வெட்டினால் என்ன, மீன் வெட்டாமல் இருட்டறையில் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் படுத்துக் கிடந்தால் என்ன? முன்னமே உருவான கையை ராகு வந்து கொறித்துவிட்டுப் போனானா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2010-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி சூரியன் வளையமாகத் தெரிந்த பெரிய கிரகணம் கன்னியாகுமரியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் இந்தக் கரை முழுவதிலும் நன்றாகத் தெரிந்தது. அன்று இந்தக் கரையில் எத்தனை ஆயிரம் கர்ப்பிணிகள் இருந்திருப்பார்கள்! உப்பளத்திலே வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், மீன் அறுத்தவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேருக்கும் விரல் இல்லாத பிள்ளையா பிறந்தது? கிரகணத்தையே லட்சியம் செய்யாத அமெரிக்க நாட்டிலும் சுமார் இரண்டாயிரம் குழந்தைகளில் ஒன்று கையிலோ காலிலோ குறைவோடு பிறக்கிறது என்று கணக்கு எடுத்திருக்கிறார்களே, அங்கே எந்த மருமகள் எந்த மீனை வெட்டினாள்?

பூர்வ ஜென்ம பாவம் என்பதன் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். மனுதர்ம சாஸ்திரம் என்பதன் பதினோராவது அத்தியாயத்தில் இதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. தானியம் திருடினவன் அங்கம் குறைந்து பிறப்பான் என்றும், தானியத்தில் கலப்படம் செய்தவன் அங்கம் அதிகமாகிப் பிறப்பான் என்றும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். இது உண்மையானால், அரிசியில் கல்லும் மிளகில் பப்பாளி விதையும் கலந்து விற்கும் நம் வியாபாரிகளின் கணக்குக்கு ஊரில் ஆறு விரல் இல்லாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கோட்டை கோட்டையாய் நெல்லைக் குத்தகை என்று வாங்கிக் கொண்டுபோன மடாதிபதிகளும் தர்மகர்த்தாக்களும் எத்தனை கை குறைந்து பிறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கரையில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாயிற்றே, அவர்களுக்கு மனு ஏது என்று சிலர் கேட்கலாம். அவர்கள் வேதத்திலும் லேவியராகமம் இருபத்தோராவது அதிகாரத்தைப் பார்க்கட்டும். கை ஒடிந்தவனும் கால் ஒடிந்தவனும் பலிபீடத்தண்டை வரக்கூடாதென்று அங்கேயும் எழுதியிருக்கிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்று ஏசு சொன்னதாக யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. அதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ளுவோம். ஆனால் ஞாயிறு தோறும் அந்தப் புஸ்தகத்தைக் கேட்டுவிட்டு வெளியே வருகிற ஜனங்கள் வாயில் அந்த வார்த்தை நிற்கக் காணோமே!

கோயிலானாலும் மாதா கோவிலானாலும், வெள்ளித் தகட்டில் கை, கால் உருவம் அடித்துக் காணிக்கை போடுவது நம் நாட்டு வழக்கம். இந்தக் குழந்தைக்காகவும் மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று தகப்பனார் வெட்கத்தோடு சொன்னார். ஆக, வெள்ளிக் கை மூன்று போயிற்று, தட்டான் பிழைத்தான். இதுவாவது பணத்தோடு போயிற்று. வட கருநாடகத்தில் கலபுரகி ஜில்லாவில் 2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கிரகணத்தன்று, கைகால் சரியில்லாத குழந்தைகளைக் குணமாகும் என்று சொல்லிக் கழுத்து மட்டும் மண்ணில் புதைத்து வைத்தார்கள். இது நடந்து இன்னும் பத்து வருஷம் ஆகவில்லை. அந்தக் குழந்தைகள் மண்ணுக்குள்ளிருந்து அழுததைப் படத்தில் பார்த்தவர்களுக்குக் கடவுள் பக்தி என்பது எவ்வளவு இரக்கமில்லாதது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கைகாலைக் காப்பாற்ற மந்திரம் வாங்குவது இந்தக் கடற்பக்கத்துக்குப் புதிதுமல்ல. முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் சுறா வந்து கையையோ காலையோ கவ்வாமலிருக்கக் ‘கடல் கட்டி’ என்று ஒருவரை வைத்திருந்தார்கள். அவர் கரையில் நின்று மந்திரம் சொன்னாலொழிய ஒருவனும் கடலில் இறங்கமாட்டான். மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்து யாத்திரிகர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரப் பார்ப்பனருக்குக் கொடுக்கப்பட்டதாம். அவர் பகலுக்கு மட்டும் சுறாவைக் கட்டிவிட்டு, ராத்திரி திருடர் இறங்காமலிருக்கக் கட்டை அவிழ்த்துவிடுவாராம். எவ்வளவு கெட்டிக்காரச் சுறா! பிற்பாடு இலங்கை சர்க்காரில் பெரிய உத்தியோகத்திலிருந்த டென்னண்ட் என்ற வெள்ளைக்காரர் 1859-இல் அச்சிட்ட புஸ்தகத்தில் இதைவிட வேடிக்கையான சங்கதி இருக்கிறது. அவர் முத்துக் குளிப்பைப் பார்க்கப் போன சமயம் பரம்பரை மந்திரக்காரருக்கு உடம்பு சரியில்லையாம். அவரோ ரோமன் கத்தோலிக்கர். தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். அந்த ஆள், தனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது என்றும், ஆனாலும் தான் வந்து நிற்பதைப் பார்த்தாலே சுறாக்கள் மரியாதை செய்யும் என்றும் சொன்னானாம். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக் குளிப்பே நடக்கவில்லை. கடல் கட்டியின் உத்தியோகமும் போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு வீடு கடல் கட்டிகள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பின்னை, உண்மையான காரணந்தான் என்ன என்று தாய்மார்கள் கேட்பார்கள். சில குழந்தைகளுக்குக் கருப்பையினுள் ஜவ்வு இழை போலப் பிரிந்து, வளருகிற கையைச் சுற்றி இறுக்கிவிடுகிறது. சிலருக்கு ரத்த ஓட்டம் அந்த இடத்திற்குச் சரியாகப் போகாமல் நின்றுவிடுகிறது. சிலருக்கு மரபணுவில் உள்ள மாறுதல். சில சமயம் மருந்து. ஜெர்மனியில் 1957-இல் தாலிடோமைடு என்று ஒரு மாத்திரையைத் தூக்கத்துக்கும் மசக்கைக்கும் நல்லதென்று விற்றார்கள். 1961 நவம்பரில் அதை நிறுத்துவதற்குள் பல தேசங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற ஒரு பெண் டாக்டர், போதிய ருசு இல்லை என்று சொல்லி அந்த மருந்துக்கு உத்தரவு கொடுக்க மறுத்ததால் அந்த நாட்டில் அநேகம் குழந்தைகள் தப்பின. தோத்திரமும் ஜெபமும் செய்யாத வேலையை ஒரு சந்தேகம் செய்தது. பல குழந்தைகளின் விஷயத்தில் டாக்டர்களாலேயே காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுகிறோம். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுவதுதான் யோக்கியம். தெரியாத இடத்திலெல்லாம் மருமகளைக் கொண்டுபோய் நிறுத்துவது அயோக்கியத்தனமாகும்.

நிற்க, இனிக் குழந்தையின் சங்கதிக்கு வருவோம். பாட்டியின் பேச்சைவிட நமக்கு அதிகமாக உறுத்தியது தாயார் போர்த்திய அந்தத் துண்டுதான். அந்த அம்மாள் அன்பினாலேயே அப்படிச் செய்தார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? ‘என் உடம்பில் பிறர் பார்க்கக்கூடாத ஒன்று இருக்கிறது; ஆள் வந்தால் நான் செய்யும் வேலையை விட்டுவிட்டு அதை ஒளிக்க வேண்டும்’ என்பதைத்தானே? நம்மைத் தாழ்ந்தவன் என்று பிறர் சொல்லுவதைவிட, நாமே நம்மைத் தாழ்ந்தவன் என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கி நிற்பதே பெரிய கேடு என்று ஜாதி விஷயத்தில் எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்! தெருவில் துண்டை இடுப்பில் கட்டாதே, தோளில் போடு என்று சொன்ன இயக்கத்தார் வீட்டிலேயே, ஒரு சிறு பெண்ணின் கைமேல் துண்டைப் போட்டு மூடுவதா?

தெருப் பிள்ளைகள் “உன் கை எங்கே?” என்று கேட்கத்தான் கேட்பார்கள். அது இழிவுமல்ல, குறும்புமல்ல. பிள்ளைகளுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசை. அதற்குப் பெற்றவர்கள் கண்ணீர் விடவும் வேண்டாம், கேட்ட பிள்ளையை அதட்டவும் வேண்டாம். “நான் பிறக்கும்போதே இப்படித்தான், எனக்கு நோவாது, இதைக் கொண்டு சிலேட்டைப் பிடிப்பேன்” என்று அந்தக் குழந்தையே சொல்லும்படி பழக்கிவிட்டால் அந்த நிமிஷமே சங்கதி தீர்ந்துபோகும், விளையாட்டு நடக்கும். நம் அனுபோகத்தையே சொல்லுகிறோம். துண்டு விலகின பிறகு அந்தப் பெண் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெகு நேரம் நம் வாயையே பார்த்துவிட்டு, “தாத்தா, உங்க முன்பல்லு எங்க?” என்று கேட்டது. பாட்டி பதறிப்போய், “ஏட்டி, வாயை மூடு” என்றார். வயசானதால் விழுந்துவிட்டது, முறுக்குத் தின்ன முடியாது, சோறு தின்னலாம் என்று சொன்னோம். “சரி” என்று எழுந்து ஓடிவிட்டது. நம் பல்லுக்குப் பாவ புண்ணியம் ஒன்றும் அந்தக் குழந்தை விசாரிக்கவில்லை.

பட்டப் பெயர் வைத்து அழைப்பது வேறு சங்கதி. மொண்டி, நொண்டி, சொத்தைக் கை என்று கூப்பிடுவதை வேடிக்கை என்று நினைக்கிற பெரியவர்கள் ஊர் தோறும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2010-இல் ஊனமுற்றோர் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு மாற்றுத்திறனாளி என்று வைத்தது நல்ல காரியமே. ஆனால் கடிதத்தில் மாற்றுத்திறனாளி, டீக்கடையில் நொண்டி என்றால் அந்த மாறுதலால் யாருக்கு என்ன பலன்?

வேலையைப்பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வீட்டில் குழந்தைக்குப் பொத்தான் போடுவதும், சோறு ஊட்டுவதும், செருப்பு மாட்டுவதும் பாட்டியும் தாயாரும். முத்துக் குளிப்பில் ஒருவன் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான், ஒருவன் தோணியிலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். கீழேயிருந்து கயிறு ஆடினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். ஆடாதபோது பொறுத்திருக்க வேண்டும். அவனும் அன்பு மிகுதியால் கூடவே குதித்துவிட்டால் இரண்டு பேரையும் இழுக்க ஆளில்லை. பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பொறுமை வேண்டும். ஒரு கையால் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகும், ஆகட்டுமே! குழந்தை பல்லால் கடிக்கும், குறுகிய கையைச் சுவரில் முட்டுக் கொடுக்கும், காலால் பிடிக்கும். பார்க்கிற நமக்குத்தான் சகிக்காது. அது தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துவிடும். இரண்டு கையுள்ளவர்கள் சொல்லிக் கொடுக்கும் வழி அதற்கு உதவாது.

செயற்கைக் கை வாங்கி மாட்டிவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்று தகப்பனார் நினைக்கிறார். கால் இல்லாத குழந்தைக்குச் செயற்கைக் கால் மிகவும் உபயோகமானது. நிற்கவும் நடக்கவும் வேண்டுமல்லவா? ஜெய்ப்பூரில் 1968-இல் செய்த ரப்பர் கால், செருப்பில்லாமல் நடக்கிற, தரையில் உட்காருகிற நம் ஜனங்களுக்கென்றே செய்யப்பட்டது. கையின் சங்கதி அப்படியல்ல. குறுகிய கையின் நுனியில் தொட்டறியும் உணர்ச்சி இருக்கிறது. அதை ஓர் உறைக்குள் மூடினால் அந்த உணர்ச்சி போகிறது. அதனால் பல குழந்தைகள் கொஞ்ச நாள் மாட்டிவிட்டுக் கழற்றி எறிந்துவிடுகின்றன. வளருகிற பிள்ளைக்குச் சட்டை சிறிதாவதுபோல அதுவும் சிறிதாகிவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். சென்னை கே.கே. நகரில் சர்க்காரின் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டிக் கேட்கட்டும். எழுதவோ சைக்கிள் பிடிக்கவோ அந்தக் குழந்தைக்கு உதவுமானால் வாங்கட்டும். ஊரார் கண்ணுக்காக வாங்க வேண்டாம்.

இன்னொரு பக்கத்து ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். சேலம் ஜில்லாவில் காய்கறி விற்ற தாயாரின் மகன் மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கியவர், 2016-இல் ரியோ நகரத்தில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் இடது கையில் பிறவிக் குறையோடு 2024-இல் பாரிசில் பூப்பந்தில் வெள்ளி வாங்கினார். அதே பந்தயத்தில் திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் வெண்கலம் வாங்கினார். இவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். துளசிமதியைப் பழக்கிய தகப்பனாரையும் பாராட்டுகிறோம். ஆனால் இந்தப் படங்களைச் சுவரில் ஒட்டி, “நீயும் இப்படி வந்தால்தான் நம் தலை நிமிரும்” என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்லுவது, பாட்டியின் பாவக் கதைக்கு அடுத்த வீட்டுக் கதைதான். இரண்டு கையுள்ள பிள்ளை பதக்கம் வாங்காவிட்டால் யாரும் கேட்பதில்லை. இதற்கு மாத்திரம் மனுஷப் பிறவி என்று ருசுப்படுத்தத் தங்கம் வேண்டுமா? சாதாரணமாகப் படித்து, சாதாரணமாகச் சண்டை போட்டு, சில நாள் சோம்பேறியாகவும் இருக்க இந்தப் பெண்ணுக்குப் பாத்தியதை உண்டு.

கடைசியாகப் பள்ளிக்கூடம். முதல் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், “மற்றப் பிள்ளைகள் பயப்படும், இதற்கென்று தனிப் பள்ளிக்கூடம் பாருங்கள்” என்று ஒருவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். தகப்பனாரும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்! 2016-ஆம் வருஷத்துச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருப்பது, சர்க்கார் பணம் பெறும் பள்ளியும் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் இப்படிப்பட்ட குழந்தைகளை வித்தியாசம் பாராட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 16-ஆவது பிரிவில் சொல்லுகிறது. ஆறு முதல் பதினெட்டு வயது வரை, சட்டம் குறித்த அளவுக்குக் குறையுள்ள பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே இலவசப் படிப்புக்கு உரிமை உண்டு என்று 31-ஆவது பிரிவில் சொல்லுகிறது. தனிப் பள்ளி வேண்டுமா வேண்டாமா என்பது பெற்றவர்கள் இஷ்டம், திருப்பி அனுப்புகிறவர் இஷ்டமல்ல. மறுத்தால் எழுத்து மூலம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஜில்லா மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

இதை எடுத்துச் சொன்னதும் தோழர் யோசித்தார். “நான் படிக்காதவன், அங்க போய் எப்படிப் பேச அண்ணாச்சி?” என்றார். வருகிற திங்கட்கிழமை லாரிக்கு லீவு போட்டுவிட்டு அவர் வருகிறார். நாமும் கூடப் போகிறோம். அந்த அம்மாளும் குழந்தையை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அரைக்கைச் சட்டை போட்டு அழைத்து வரும்படி கேட்டுக்கொண்டோம். பாட்டியம்மாள் அதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.